ஊமையன் கோட்டையின் வாரிசு

திருமயத்துக் கோட்டையை ஊரார் ஊமையன் கோட்டை என்பார்கள். அந்தப் பெயருக்கு உன்னைவிடப் பொருத்தமான வாரிசு யார், பேட்ச் ஸ்கிரிப்டே? எட்டாவது வரியில் கம்பைலர் செத்துக் கிடக்கும். நீ ஒருவரிடமும் வாய் திறக்காமல் ஒன்பதாவது வரிக்குப் போய்விடுவாய். இழவு வீட்டைத் தாண்டிக் கல்யாண வீட்டுக்கு நடக்கும் அந்த நெஞ்சுறுதி யாருக்கு வரும்?

லினக்ஸ் ஷெல் பாவம், பயந்த பிள்ளை. ‘செட் -ஈ’ என்று ஒரு வரி எழுதினால் பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடும். ஜென்கின்ஸ் அதை இயல்பாகவே அப்படித்தான் ஓட்டும். உன்னை நிறுத்த அப்படி ஒரு சொல்லே கிடையாது.

உன் மன்னிக்கும் மனசும் பெரிது. நடுவில் எத்தனை வரி விழுந்தாலும், கடைசியில் லாகை நகலெடுக்கும் எக்ஸ்காப்பி 0 என்று சொல்லிவிட்டால் போதும். பைப்லைனில் பச்சை விளக்கு. ‘இஃப் எர்ரர்லெவல் 1’ என்று காவல் வைத்தாலும், உனக்கு அதன் பொருள் ‘1 அல்லது அதற்கு மேல்’. நினைவகப் பிழையில் செத்த நிரல் -1073741819 என்று கதறினால், அது 1-ஐவிடச் சிறியதுதானே என்று வழி விடுகிறாய். ரோபோகாப்பி வேலையை ஒழுங்காக முடித்து 1 என்று சொன்னாலோ, அதைப் பிடித்து நிறுத்துகிறாய். அதற்கு 8 முதல்தான் தோல்வி. ‘கால்’ போடாமல் இன்னொரு பேட்ச் கோப்பைக் கூப்பிட்டால், போனவன் போனவன்தான். மிச்ச வரிகளைத் திரும்பிப் பார்க்காத பற்றற்ற துறவி நீ.

1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தத் திருமயம் கோட்டைக்கு ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். ஒன்று விழுந்தால் அடுத்தது தாங்கும். நீயோ முதல் மதில் விழுந்ததும் மற்ற வாசல்களை உன் கையாலேயே திறந்துவிடுகிற தாராளப் பிரபு.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கம்பைல் தோற்றது. ஃபோல்டரில் கிடந்த போன வாரத்து எக்ஸ்இ-யைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பி வைத்தாய். திட்டு வாங்கியவள் புதிதாகச் சேர்ந்த பெண். தான் திருத்திய நிரல் எங்கே போனது என்று இரண்டு நாள் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள்.

திங்கட்கிழமை அவளே உட்கார்ந்து, உன் ஒவ்வொரு வரியின் பின்னாலும் இரண்டு கோடு இழுத்து, ‘எக்சிட் /பி 1’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். ரோபோகாப்பி வரி வந்ததும் கை நின்றது. “அண்ணா, இதுக்கு மட்டும் எட்டுதானே?” என்றாள்.