முட்டை வண்டியும் போனஸும்

சங்ககிரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஈ-சலான் வராத மாதம் இல்லை. சிவப்பு விளக்கை அவர் யாரோ சொன்ன அபிப்பிராயமாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனாலும் அவர் கார் பாலிசிக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ். ஐந்து வருஷமாகக் கிளைம் கேட்கவில்லையே! நானோ சிக்னலில் ஒழுங்காக நின்றவன். பின்னால் வந்த முட்டை வண்டி இடித்தது, கிளைம் வாங்கினேன், போனஸ் பூஜ்யம். (முட்டைகள் பத்திரம். நாமக்கல் சரக்கல்லவா!)

இந்த அநியாயம் யார் கண்ணில் பட்டதோ, 2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பணிக்குழு ஒன்று 'விதிமீறல் பிரீமியம்' என்றொரு யோசனையை முன்வைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, கண்ட இடத்தில் நிறுத்தினால் 10. புள்ளி ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். புள்ளியைச் சம்பாதிப்பது டிரைவர், பணம் கட்டுவது வண்டி முதலாளி. நாமக்கல் லாரி முதலாளிகள் காதில் இது எப்படி விழுந்திருக்கும்! முதல் சோதனை டெல்லியில் என்றார்கள். அந்த யோசனை வண்டி இன்னும் தொப்பூர் கணவாயைத் தாண்டி நம் பக்கம் வரவில்லை.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் வரட்டுங்க, அப்பப் பாத்துக்கலாம்" என்றபடி ஒன்வேயில் எதிர்த்திசையில் கிளம்பினார்.