குதித்தவன் மருமகன்

நோர்வேக்காரர் எதற்கும் தலைக்கவசம் போடும் சனம். பனியில் சறுக்கினாலும் தலைக்கவசம், சைக்கிள் ஓடினாலும் தலைக்கவசம். இருட்டில் பால் வாங்கப் போகிறவர்கூட மேலே ஒளிரும் பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். இந்த நாட்டில்தான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், கார் ஏற்றும் ஃபெரியின் வாயைத் திறந்து இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஹார்டாங்கர் ஃபியோர்டுக்குள் குதிக்கவிடுகிறார்கள். வாசலிலிருந்து நீர்மட்டம் நாலு மீற்றர் கீழே. காலை ஐந்து மணிக்குக் கப்பல் ஊதும். அதற்குமுன் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்கவேண்டும்.

நோர்ஸ்மன் என்ற இந்தப் போட்டி 2003இல் தொடங்கியது. 3.8 கிலோமீற்றர் நீந்தி ஐட்ஃபியோர்ட் கரைக்கு வரவேண்டும். பிறகு ஹார்டாங்கர் மேட்டுநிலத்தைக் கடந்து 180 கிலோமீற்றர் சைக்கிள். அதன் பிறகு 42.2 கிலோமீற்றர் ஓட்டம். அது முடிவது 1,850 மீற்றர் உயரத்தில், கௌஸ்தாதொப்பன் மலையில். இவ்வளவுக்கும் கிடைப்பது ஒரு கறுப்பு ரீசேட்.

இந்தப் போட்டியில் தன் மகனுக்கு இடம் கிடைத்த செய்தியை அக்கா இப்படித்தான் எனக்குச் சொன்னா.

"தம்பி, பிள்ளைக்கு லொத்தர் விழுந்திருக்கு."

விண்ணப்பிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில், இடமோ சில நூறு. அதனால் குலுக்கிப் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். விழுந்தது காசு அல்ல, காசு கட்டும் உரிமை என்று நான் விளங்கப்படுத்தியதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"காசு குடுத்துக் கப்பலால குதிக்கிறதோ?"

"ஓம் அக்கா."

"கப்பல் தாழுதோ?"

"இல்லை. நல்ல கப்பல்."

போட்டியாளர் ஒவ்வொருவரும் தமக்கு ஓர் உதவியாளைக் கூட்டிவரவேண்டும் என்பது விதி. சாப்பாடு, உடுப்பு, கார் எல்லாம் அவர் பொறுப்பு. மருமகன் என்னைக் கேட்டான். "நீங்கள் கார் ஓடினால் போதும், மாமா." விதிமுறைப் புத்தகத்தை அவன் என்னிடம் தரவில்லை என்பதை இங்கே பதிவுசெய்து வைக்கிறேன்.

180 கிலோமீற்றர் சைக்கிளைப் பற்றி அவன் ஒரு நாளும் கவலைப்பட்டுக் கதைத்ததில்லை. அவன் நித்திரையைக் கெடுத்தது அந்த நாலு மீற்றர்தான். அதற்குப் பழக ஒஸ்லோ ஃபியோர்ட் ஓரத்துப் பாறை ஒன்றுக்குப் போனோம். கோடையில் அங்கே குஞ்சு குருமன் எல்லாம் குதிக்கும். அவன் முதலில் கீழே இறங்கி நீந்தி, ஆழம் பார்த்து, நீருக்குள் ஒளிந்த பாறை உண்டா என்று காலால் துழாவிவிட்டு மேலே ஏறி வந்தான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மேலே நின்று பார்த்தால் நாலு மீற்றர் நாலு மீற்றராக இருப்பதில்லை. கண் இருக்கிற உயரமும் அதோடு சேர்ந்துவிடுகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் அடித்தளம் வரைக்கும் உள்ள ஆழமும் சேர்ந்துவிடுகிறது. நான் ஊரில் கீரிமலைக் கேணிச் சுவரில் நின்று குதித்து வளர்ந்தவன். அந்த வீரத்தை வருகிற வழியில் காருக்குள் விரிவாகச் சொல்லியிருந்தேன். "அப்ப நீங்கள் முதல், மாமா" என்றான்.

எனக்குப் பின்னால் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, பின்னலிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, தன் முறைக்காக நின்றாள். நோர்வேக்காரர் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரை அவசரப்படுத்தமாட்டார்கள். செருமக்கூட மாட்டார்கள். அவள் பாட்டுக்கு நின்றாள். அந்தப் பொறுமையைத் தாங்க முடியாமல்தான் குதித்தேன்.

நாலு மீற்றர் விழ 0.9 விநாடி போகும். அந்த விநாடிக்குள் எவ்வளவோ நடக்கிறது. வயிறு மேலேயே நின்றுவிடுகிறது. காதுக்குள் காற்று இரைகிறது. வீட்டுக் கடன், முழங்கால் வலி, நாளைக்குப் போகவேண்டிய வேலை எதுவுமே இல்லை. 'இன்னும் தண்ணி வரேல்லையே' என்ற ஒரே ஒரு முறைப்பாடுதான் மனதில். பிறகு வருகிறது. மேலே வந்து மூச்சு விட்டதும் நான் செய்த முதல் வேலை, சிரித்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது. இதற்காகத்தான் மனிதர் காசு கட்டுகிறார்கள் என்று அப்போது விளங்கியது.

நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர். எங்கள் தெருவில் அந்த வேகத்தில் கார் ஓடினால் குற்றம், எல்லை 30. பத்து மீற்றரிலிருந்து குதித்தால் 50. பாறை உச்சியிலிருந்து பாய்கிறவர்களின் உலகத் தொடரில் ஆண்கள் பாயும் 27 மீற்றரில் அது 80ஐத் தாண்டும். அவர்கள்கூடக் காலைத்தான் முதலில் விடுவார்கள். கீழே சுழியோடிகள் காத்து நிற்பார்கள். காலைச் சேர்த்துக் கையை ஒடுக்கிக்கொண்டு, பார்வையைத் தூரத்தில் வைக்கவேண்டும். குனிந்து கீழே பார்த்தால் உடம்பும் பார்வைக்குப் பின்னாலேயே சரியும். மருமகன் பார்த்தான். நெஞ்சு தண்ணீரில் பட்ட சத்தம் கேட்டு அந்தச் சிறுமி அன்று முதல் தடவையாக வாய் திறந்தாள். "அவ்" என்றாள், மரியாதையாக.

உயரம் வெளிப்படையாகப் பயமுறுத்துவதால் அதைச் சமாளித்துவிடலாம். குளிர் சத்தமில்லாமல் நிற்பது. ஹார்டாங்கர் நீர் ஆகஸ்டிலும் 13, 15 பாகையில் இருக்கும். 2015இல் குளிர் கூடிப்போய் நீச்சல் தூரத்தையே குறைத்தார்கள். அப்படிப்பட்ட நீருக்குள் உடம்பு திடீரென்று போனால் நெஞ்சு நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் நீருக்கு வெளியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போவது காற்றல்ல. பிறகு மூச்சு தாறுமாறாக வாங்கும், இதயம் எகிறும். ஓரிரு நிமிடம் நீந்தாமல் மிதந்துகொண்டு பொறுத்தால் அடங்கிவிடும். அந்த ஓரிரு நிமிடத்தில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. இதற்காகவே ஃபெரியின் தளத்தில் குழாய் வைத்து ஃபியோர்ட் நீரை ஆட்கள்மேல் பீய்ச்சுகிறார்கள். காணொளியில் பார்த்தேன், வேள்விக்கு நிற்கும் ஆட்டுக்குத் தண்ணீர் தெளித்துத் தலையாட்ட வைப்பதுபோலவே இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். குதிப்பைப் போட்டியின் தொடக்கத்தில், ஆள் களைக்க முன்னமே வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாப் போட்டியிலும் அப்படியில்லை. பக்கத்துச் சுவீடனில் ஓட்டில்லோ என்று ஒன்று இருக்கிறது. 2002இல் ஊத்தோ தீவில் நாலு நண்பர்கள் பந்தயம் பிடித்தார்கள்: இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, தீவுகளை ஓடியும் இடையில் நீந்தியும் கடந்து சாண்ட்ஹாம்ன் போகவேண்டும்; தோற்ற சோடி சாப்பாட்டுச் செலவைக் கட்டவேண்டும். போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் பிடித்தது. 2006இல் அதையே முறையான போட்டியாக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் அதன் தூரம் 75 கிலோமீற்றரளவு. சப்பாத்தோடு நீந்தி, நீச்சல் உடுப்போடு ஓடுகிறார்கள். இந்த வகைப் போட்டிகளில் பாறையிலிருந்து நீருக்குள் போகும் இடம்தான் எனக்குப் பயம். கால் ஏற்கெனவே நடுங்குகிறது, பாறையில் பாசி, மூளையில் சீனி இல்லை. களைத்தவன் ஆழம் பார்க்கமாட்டான். முன்னால் போனவன் குதித்தான், அதுவே போதுமான அத்தாட்சி. முன்னால் போனவன் எந்த இடத்தில் குதித்தான் என்பதை யார் கவனித்தது? இறங்க வழி இருந்தால் இருந்து வழுக்கிக்கொண்டாவது இறங்கவேண்டும் என்பது என் கட்சி. அழகில்லைத்தான், கணுக்கால் மிஞ்சும்.

போட்டியன்று நான் ஐட்ஃபியோர்ட் கரையில் தேத்தண்ணிப் போத்தலோடு நின்றேன். அக்கா விடியவே எழும்பி அழைப்பெடுத்தா.

"குதிச்சிட்டானே?"

"குதிச்சிட்டான் அக்கா. இப்ப நீந்துறான்."

"அப்பாடா. இனிப் பயமில்லை. நான் போய்ப் படுக்கப் போறன்."

மீதி 225 கிலோமீற்றர் இருந்தது. அக்காவின் கணக்கில் அது வரவில்லை. உதடு நீலம் பாரித்து, சிரித்துக்கொண்டு கரையேறிய மருமகனின் கணக்கிலும் வரவில்லை. "மாமா, குதிக்கேக்க நான் கீழ பாக்கேல்லை!" என்றான்.

விதிமுறைகளை நான் அறிந்தது பின்னேரம், வேறொரு உதவியாளின் வாயால். ஓட்டத்தின் 32.5ஆவது கிலோமீற்றருக்கு முதலில் வரும் 160 பேர்தான் மலைக்குப் போகலாம். அவர்களுக்குத்தான் கறுப்பு ரீசேட். மற்றவர்கள் கீழேயே முடித்து வெள்ளை ரீசேட் வாங்குவார்கள். மலைக்குப் போகிறவரோடு உதவியாளும் முதுகில் பை சுமந்து உச்சிவரை ஏறவேண்டும். அவர் அதைச் சொன்ன கணத்திலிருந்து என் மனம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வெளியே "ஓடு ராசா, ஓடு" என்று கத்தினேன். உள்ளே, பின்னால் வந்த ஒவ்வொரு நோர்வேக்காரனையும் வாழ்த்தினேன். ஸொம்பி மலை என்று பெயர் வைத்த ஏற்றத்தில் ஏழெட்டுப் பேர் அவனைத் தாண்டியபோது நெஞ்சில் பால் வார்த்தது.

154ஆவதாக வந்தான்.

பையைச் சோதித்த பெண் என் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கௌஸ்தா மலைக்குள்ளே உச்சிவரை போகும் ரயில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பற்றி விசாரித்தேன். இருக்கிறதாம். இறங்கும்போது ஏறலாமாம்.