பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் கர்னாச்சா குடிப்பது எப்படி?

கர்னாச்சா என்கிற ஸ்பெயின் திராட்சையின் சிவப்பு ஒயினை முதலில் எங்கே வாங்குவது என்று பார்ப்போம். தெருமுனை ஒயின்ஸ் கடையில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் கம்பிக்குள்ளிருந்து 90 மில்லி டெட்ரா பாக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். தண்டவாளத்தைத் தாண்டி மல்லேஸ்வரம் பக்கம் நடங்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் இருக்கிற கடையாகப் பார்த்து நுழைந்து, லேபிளில் 'காம்போ தெ போர்ஹா' அல்லது 'கலதாயுத்' என்று இருக்கிறதா தேடுங்கள். இரண்டும் ஸ்பெயினின் அரகோன் பகுதியில் உள்ளவை. கர்னாச்சாவுக்குத் தாய்வீடு அதுதான் என்பார்கள்.

விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஸ்பெயினில் ஐந்தாறு யூரோவுக்குக் கிடைக்கிற சரக்குதான். நம் சுங்க வரி நெடுங்காலமாக 150 சதவீதமாக இருந்து வந்தது. அதற்கு மேல் மாநிலத்தின் கலால் வரி, இறக்குமதி செய்தவர் லாபம், அந்த ஏசி.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேட்பார்: "இந்தத் துட்டுக்கு எத்தினி குவார்ட்டர் வரும்ப்பா?" நியாயமான கேள்வி. 750 மில்லி பாட்டிலில் 14.5 சதவீதம் என்றால் ஆல்கஹால் 109 மில்லி. 42.8 சதவீத விஸ்கி குவார்ட்டரில் 77 மில்லி. ஆக, முழு பாட்டிலும் ஒன்றரைக் குவார்ட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கை அவரிடம் சொல்லாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்பார்கள். அது குளிர்தேசத்து அறை. ஏப்ரலில் ஸ்ரீராம்புரத்து ஷீட் வீட்டில் அந்த விதி செல்லாது. கர்னாச்சாவுக்கு 16 டிகிரி போதும்; ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அந்த அளவுக்குக் குளிரும்வரை படுக்க வையுங்கள். கார்க் திறக்கும் திருகு யார் வீட்டிலும் இருக்காது. கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளே தள்ளிவிடுங்கள், குடிமுழுகாது. கோப்பை இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளர். பெரிய ஒயின் ஆலைகளில் தொட்டிகளே எவர்சில்வர்தான். ஈயம் பூசாத பித்தளை மட்டும் ஆகாது, புளிப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

டம்ளரைச் சுழற்றும்போது சும்மா சுழற்றாமல் ஏதாவது பேசவேண்டும். அதற்கான சரக்கு இதோ. கர்னாச்சா அரண்மனைப் பழம் அல்ல. மழை குறைந்த வறட்டு மண்ணில், பந்தல் கூட இல்லாமல் குத்துச்செடியாக நின்று காய்க்கும். தாமதமாகப் பழுக்கும், சர்க்கரை ஏறும், அதனால் போதையும் ஏறும். நிறம் வெளுத்த, தெம்பில்லாத ஒயின்களுக்குச் சத்து ஊசி மாதிரி ஒரு காலத்தில் அதன் ஒயினை மொத்தமாக அனுப்பி வைத்தார்கள். பெயர் வெளியே தெரியாது, உழைப்பு மட்டும் உண்டு. 1980களின் கடைசியில் ஐரோப்பாவில் ஒயின் மிஞ்சிப்போனதும் கொடிகளைப் பிடுங்கிப் போட விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். அதே சமயத்தில், 1989-ல், கத்தலோனியாவின் பிரியோராத் மலைச்சரிவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்த கர்னாச்சாக் கொடிகளை ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ் முதலான சிலர் கையில் எடுத்தார்கள். 1993-ல் பலாசியோஸ் கொண்டுவந்த லெர்மிதா இன்று ஆயிரம் யூரோவைத் தாண்டி விற்கிறது. வேண்டாம் என்று கைவிடப்பட்ட கொடிதான் இப்போது வயதைக் காட்டி விலை கேட்கிறது. ராஜா மில் நின்ற இடத்தில் மந்திரி மால் நிற்பதைத் தினமும் பார்க்கிற ஜனங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

மச்சான் பையன் கோக் பாட்டிலோடு வருவான். தடுக்காதீர்கள். ஸ்பெயினிலேயே சிவப்பு ஒயினில் கோலாவைச் சரிபாதி கலந்து 'கலிமோச்சோ' என்று குடிக்கிறார்கள்; இனிப்புச் சோடா கலந்தால் 'டின்டோ தெ வெரானோ'. எனக்கு அது பிடிக்காது, ஆனால் உங்கள் மல்லேஸ்வரத்து நண்பர் மூக்கைச் சுருக்கினால் இந்த இரண்டு பெயரையும் நிதானமாகச் சொல்லுங்கள்.

சைடிஷ் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஊறுகாய் பாக்கெட்டின் உப்பும் புளிப்பும் எந்த ஒயினையும் கொன்றுவிடும். பச்சை மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் இந்த 14.5 சதவீதம் தொண்டையில் தீயாக இறங்கும். மிளகு போட்ட ஈரல் வறுவல் பொருந்தும், ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்கா அதைவிடப் பொருந்தும். மிச்சம் வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். கர்னாச்சா காற்றுப்பட்டால் சீக்கிரம் களைத்துப்போகிற ஜாதி.

எல்லாம் முடிந்தபின் ஒரு பரிசோதனை. தள்ளுவண்டியில் அரை கிலோ பெங்களூர் புளூ வாங்குங்கள். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளைகிற கறுப்புத் திராட்சை. வருஷத்தில் இரண்டு மகசூல், 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதன் வாசனை முரட்டு வாசனை, இனிப்பு ஒயினுக்குத்தான் லாயக்கு என்று விவரம் தெரிந்தவர்கள் ஒதுக்குவார்கள். தோலோடு மென்று பாருங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, வண்டிக்காரரிடம் பேரமாவது பேசலாம்.