பட்டறை ஐயவியல்: காலடிப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

செக்கப்புக்காகப் பட்டறைக்குள் போன கார், போகும்போது இல்லாத ஒரு நோயோடு திரும்பி வருகிறது. ‘இவன்தான் ஏதோ பண்ணிட்டான்’ என்று உரிமையாளர் நெஞ்சில் ஐயம் முளைக்கிறது. இதன் தோற்றம், வகை, மெய்ப்பாடு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாடகைக் கார்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்று; அதன்பின் ஆண்டுதோறும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் ஒரு பட்டறைப் பயணம். ஆகவே வண்டி கிழடாக ஆக, ஐயப்படும் வாய்ப்பும் இரட்டிப்பாகிறது.

2. ஆய்வுக் களம்

திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிற்பாடு டயருக்கு மாறியது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட்டும் திருவொற்றியூர்ப் பிள்ளைதான். எண்ணூரில் அசோக் லேலண்டு. எனவே இவ்வட்டாரத்து டீக்கடை பெஞ்சில் நால்வர் உட்கார்ந்தால் மூவர் வண்டி வைத்தியர். நான்காமவர் ஓய்வுபெற்ற வண்டி வைத்தியர். தீர்ப்புக்குப் பஞ்சமில்லை.

அவர்கள் கணக்கில் சேர்க்காத பிரதிவாதிகள் இருவர். ஒன்று, வண்டிக்கு அடியில் புகுந்து நட்டையும் போல்ட்டையும் தின்னும் உப்புக்காற்று. மற்றது, துறைமுகம் நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை. அதன் பின்னால் பாதி கிளட்ச்சில் ஊர்ந்த கார், பட்டறை வாசலை மிதிக்கும் முன்பே பாதி நோயாளி.

3. வகைப்பாடு

ஐயம் மூவகைப்படும்: ஒலி, ஒளி, ஒழுகல். அடியில் கடகடவென்று கேட்பது ஒலி ஐயம். டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிவது ஒளி ஐயம். காலையில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு கிடப்பது ஒழுகல் ஐயம். மூன்றுக்கும் உரையாடல் ஒன்றே:

“நல்லாத்தானப்பா ஓடினு இருந்துச்சு? உங்கையில வுட்டப்பறம்தான் இப்படி!”

“அது ஏற்கெனவே வீக்கா இருந்துச்சுணா. நான் தொடவேயில்ல.”

ஈராயிரம் ஆண்டு தருக்க மரபு இவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

4. அளவைச் சிக்கல்

உண்மையை அறியும் அளவைகளை வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என மணிமேகலையின் 27ஆம் காதை சொல்கிறது. நம் கார்க்காரர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்: ‘அதற்குப் பிறகு நடந்தது, ஆகவே அதனால் நடந்தது.’ காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பழுத்த பழம் எப்படியும் விழும். பில் கட்டிய காதோ திடீரென்று கூர்மையாகிவிடும். மாதக்கணக்கில் இருந்த சத்தம் அன்றுதான் கேட்கும்.

5. காக்கைக்கு எதிரான சான்று

அதற்காகக் காக்கையை உடனே விடுதலை செய்துவிட இயலாது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப்படைக்குக் கணக்குப் பார்க்கப் போனவர் வேடிங்டன் என்ற உயிரியலாளர். விமானங்களுக்கு 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை பரிசோதனை நடந்தது. பழுதுகளை வரைபடமாக்கியபோது, பரிசோதனை முடிந்த கையோடுதான் அவை மிகுதியாக வந்தன, போகப்போகக் குறைந்தன. நன்றாயிருந்ததைக் கழற்றி மாட்டியதே கேடாயிற்று. இதை ‘வேடிங்டன் விளைவு’ என்கிறார்கள்.

காரிலும் இதற்கு வழியுண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றிய பையன் சென்சார் சாக்கெட்டை அழுத்தி மாட்டாவிட்டால் ஒளி. ஆயில் மாற்றியவர் டிரெயின் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே போட்டால் ஒழுகல். அடித்தகட்டில் ஒரு போல்ட் விட்டுப்போனால் ஒலி.

வேடிங்டனிடம் பல விமானங்களின் பதிவேடு இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு கார், ஒரு கோபம். இரண்டையும் வைத்துக்கொண்டு காக்கையா, பழுத்த பழமா என்று தீர்மானிக்க முடியாது.

6. சட்டப் பார்வை

ஏற்றுமதியாளர் ஒருவர் கப்பலேற்றிய வேர்க்கடலை, சோதனை முடிந்து போய் இறங்கிய வெளிநாட்டில் நச்சுள்ளது எனக் கண்டறியப்பட்டது. அவர், கடலையைச் சோதித்துத் தந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையதே என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலைக்குச் சொன்னது காருக்கும் பொருந்தும்.

7. முடிவும் பரிந்துரையும்

சாவியைக் கொடுக்கும் முன் என்ஜினை ஓடவிட்டு டேஷ்போர்டைப் படமெடுங்கள். கிலோமீட்டரையும் இருக்கிற கோளாறுகளையும் ஜாப் கார்டில் எழுதி மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்குங்கள். எதையெல்லாம் கழற்றினார் என்று பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய் வாருங்கள். இத்தனையும் செய்தபின் கடகட என்றால் தாராளமாகச் சண்டை போடலாம். செய்யாதவருக்கு இவ்வாய்வு அனுமதிப்பது முணுமுணுப்பு மட்டுமே.