பெட்டி தானாகப் பாடாது

தளவானூர் பாறையில் சத்ருமல்லேஸ்வரம் குகைக்கோயிலைக் குடைவித்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், ‘மத்தவிலாசம்’ என்ற நையாண்டி நாடகமும் எழுதியவன். இன்றிருந்தால், ஓசிக்குக் கிடைத்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுக் காதைத் தீட்டிக் காத்திருப்பவர்களையும் மேடையேற்றியிருப்பான்.

ஹெட்போன் துளை தருவது மில்லிவாட். பெட்டிகள் கேட்பது வாட். நடுவே ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் இளையராஜாவின் வயலின்கள் கொசு ரீங்காரமாகத்தான் வரும்.

சென்னை ரிச்சி தெருவில் டிபிஏ3116 சிப் வைத்த கையகல ஆம்ப்ளிஃபயர் போர்டு மலிவாகக் கிடைக்கும். செத்துப்போன லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரே அதை ஓட்டிவிடும். (சார்ஜர் முதலில் சாகும் வீடுகளுக்கு இது பொருந்தாது.) அதோடு நிறுத்தினால் சிக்கனம். யார் நிறுத்துகிறார்கள்?

ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, பேஸ் காணோம் என்று சப்வூஃபர் வாங்குவார்கள். பிறகு தங்க முலாம் பூசிய பின்கள். அதன்பின் எங்கிருந்தோ ஒரு ‘ஹம்’. அதை விரட்ட இன்னொரு பெட்டி. மாமனார் கேட்டால், “எல்லாமே பழைய சாமான்தான் மாமா.”

இவ்வளவும் முடிந்தபின் வாட்ஸ்அப்பின் ‘டிங்’ ஸ்டீரியோவில் கணீரென்று கேட்கிறது.