நாட்டு நாய்க்கு வரன்

சென்னையில் தெருநாய்க் குட்டிக்கு வீடு பார்ப்பதும் பெண்ணுக்கு வரன் தேடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். "கறுப்பா? வேண்டாம் சார். பொட்டையா? ஐயையோ!" அடிபட்டு மூன்று காலில் நிற்கிறது என்றால், மறுமுனையில் சிக்னலே போய்விடும். "லாப்ரடார் வந்தா சொல்லுங்க" என்பார்கள். வரும், கவலை வேண்டாம். சைபீரியப் பனியில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கியையே கத்திரி வெயிலுக்குக் கூட்டிவந்து, முடி கொட்டுகிறது, ஏ.சி. போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று ஈ.சி.ஆரில் இறக்கிவிட்டுப் போகிற ஊர் இது. 2023 விலங்குக் கருத்தடை விதிகளின்படி, கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். ஆக, கருத்தடைக்கு அடையாளமாகக் காது நறுக்கிய நம்மூர் நாய்க்காவது ஒரு நிரந்தர முகவரி உண்டு. ஹஸ்கிக்கு அதுவும் இல்லை. ஆனால் அழைப்புகள் குவிவது என்னவோ அதற்குத்தான்: "வம்சச் சர்டிபிகேட்டும் சேர்த்துத் தருவீங்கல்ல?"