மேலது மகானுபாவர்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தாழ்வாரத்தில், கக்கத்தில் கனத்த ஆய்வேடும் முகத்தில் அதனினும் கனத்த காம்பீரியமுமாய், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டவருக்குக்கூட இரண்டு அறிஞர்களைச் சாட்சிக்கு அழைக்காமல் விடை பகராத ஒருவரை நீங்கள் சந்தித்திருக்கக் கூடும், அவரே நம் மேலது மகானுபாவர்.

சூரியன் கிழக்கே உதிக்கிறான் என்பதற்கு மூன்று கிரந்தங்களைப் பிரமாணம் காட்டுகிற அவர், பிறருடைய சித்தாந்தம் ஒன்றை அப்படியே எடுத்தாளுமிடத்தில் மட்டும் அடிக்குறிப்பு எண்ணை இட மறந்துவிடுவார். இட்ட இடங்களிலோ 'மேலது, ப. 42', 'மேலது, ப. 43' என்று அத்தியாயம் முழுவதும் ஓடும். எந்த 'மேல்' என்று தேடிக்கொண்டு ஏறுகிறவர், முகவுரையையும் கடந்து, நன்றியுரையில் அவருடைய மாமனார் பெயரைக் கண்டு திரும்புவார்.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு விதித்த விதிகளை அவரளவு சிரத்தையுடன் பயின்றவர் எவருமில்லை. ஒப்புமை 10 சதவீதத்துக்குள் அடங்கினால் தண்டனை இல்லை என்பதும், தற்செயலாக ஒத்துவரும் தொடர்கள் 14 சொற்கள் வரை கணக்கில் சேரா என்பதும் அவருக்கு வேதவாக்கு. ஆகையால் மூலநூலை இடப்பக்கம் விரித்து வைத்து, விரல் விட்டுப் பதின்மூன்று சொற்களை எழுதி, பதினான்காவதை எழுதுமுன் சற்றே தியானித்து, பதினைந்தாவதை மட்டும் நிகண்டின் துணையால் மாற்றி அமைப்பார். இதற்கு அவர் சூட்டியிருக்கும் திருநாமம் 'சொந்த நடை'. ஒருமுறை இந்த உற்சாகத்தில் 'பெரிய' என்ற சொல்லையெல்லாம் 'மகத்தான' என்று மாற்றப்போய், சேக்கிழார் 'மகத்தான புராணம்' பாடியவரானார். கணிப்பொறி அதையும் சுயசிந்தனை என்றே அங்கீகரித்தது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், "இந்தக் கருத்து யாருடையது, தம்பி?" என்றார்.

"'என்றார் பிறரும்' என எழுதுவது உரையாசிரியர் மரபல்லவா, ஐயா?" என்றார் இவர், கூசாமல்.

மரபுதான், நச்சினார்க்கினியர் அப்படி எழுதினார். 1887இல் அவருடைய உரையுடன் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அந்தப் 'பிறர்' யாவர் என்று கண்டறிய ஏடு ஏடாகத் தேடி அலைந்ததும் உண்மையே. ஆனால் அந்த உரையாசிரியருடைய மேஜையில் அச்சிட்ட புத்தகம் பக்க எண்ணோடு திறந்து கிடக்கவில்லை.

பட்டம் கிடைத்துவிட்டது. மகானுபாவர் இப்போது பேராசிரியர். பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 பேருக்கு நெறியாளராகலாம் என்பது விதி. அவரிடம் இடம் காலி இல்லை.